எடுத்துவிடாத பத்தியம்

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டேன். வாழ்நாள் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவளைக் கட்டிலிலேயே கிடத்தினால் என்ன ஆகும்? தானும் படுக்காள், தள்ளியும் படுக்காள் என்று அந்த வார்டே என்னைப் பற்றிப் பேசிக்கொண்டது. ஊசி போட வந்த பெண்களின் கையைப் பார்ப்பதும், விரிப்பு மடித்ததில் குறை சொல்வதுமாகப் பொழுதைக் கழித்தேன். ஒரு விஷயத்தில் மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேர்ந்த அன்றைக்கே என்னை எடை பார்த்தார்கள். அதன் பிறகும் விடாமல் பார்த்தார்கள். எங்கள் காலத்தில் பருத்தி மூட்டையை எடை போடுவார்கள், மனுஷனைப் போட மாட்டார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் நாள் உணவுப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முட்டை இவ்வளவு, பருப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவுதான் என்று பொறுமையாகச் சொன்னாள். கடைசியில், "இது கொஞ்ச நாளைக்குத்தானுங்க பாட்டி. அடுத்த தடவை வாரப்போ என்னைப் பாருங்க, நானே எல்லாத்தையும் எடுத்துவிட்டர்றேன்" என்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கால் வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வலித்தது கால் இல்லை. அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அவிநாசிக்காரி, பெயர் சரஸ்வதி. நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்றதும், கல்யாணமாகாத பெண் கண்டவன் கழிவை அள்ளப் போவதா என்று எங்கள் சொந்தத்தில் குதித்தார்கள். அப்படிக் குதித்தவர்களில் பாதிப் பேருக்குப் பின்னாளில் நான்தான் மூத்திரப் பாத்திரம் வைத்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் திட்டு வாங்கிய கதையிலேயே தாள் தீர்ந்துபோகும், ஆகவே தாண்டிவிடுகிறேன். ஐம்பதுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அது இன்று இல்லை, அதனால் அதன் பெயரும் வேண்டாம்.

ஆண்கள் ஆபரேஷன் வார்டில் போட்டார்கள். அங்கே ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கும். அதில் பால், கஞ்சி, ரொட்டி, சோறு என்ற நான்கில் ஒரு வார்த்தை எழுதியிருக்கும். பள்ளிக்கூடத்தில் வகுப்பு மாறுவது போல நோயாளி பாலிலிருந்து கஞ்சிக்கும், கஞ்சியிலிருந்து ரொட்டிக்கும் ஏறி, சோற்றுக்கு வந்தால் வீட்டுக்குப் போகலாம். சாக்பீஸ் எங்கள் பையில்தான் இருக்கும். ஆனால் வார்த்தையை மாற்றும் அதிகாரம் டாக்டருக்கு மட்டும்தான். சமையல்கட்டிலிருந்து வண்டி வந்ததும் பலகையைப் பார்த்து ஊற்றிக்கொண்டே போக வேண்டியது எங்கள் வேலை.

வார்டுக்குத் தலைவி எஸ்தர் சிஸ்டர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். குட்டையான, கறுத்த, குரலை உயர்த்தவே தெரியாத மனுஷி. மற்ற வார்டுகளில் சாப்பாடு வரும்போது மேற்பார்வை பார்ப்பார்கள். எஸ்தர் சிஸ்டர் தட்டுகள் திரும்பிப் போகும்போதுதான் வருவார். கழுவப் போகும் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். ஒரு நாள் ஒரு தட்டைக் காட்டி, "இது அவன் தின்ன தட்டு இல்ல பிள்ளே, அவன் பெஞ்சாதி தின்னது. காய்ச்சக்காரன் முருங்கைக்காயை இப்படிச் சவைக்க மாட்டான், கேட்டியா?" என்றார். போய்ப் பார்த்தால் உண்மைதான். துணைக்கு வந்தவளுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு கிடையாது, அவளைப் பட்டினி போட்டுவிட்டுத் தான் தின்ன அந்த ஆளுக்கு மனசு வரவில்லை. சிஸ்டர் யாரையும் அதட்டவில்லை. அன்றிலிருந்து அந்தக் கட்டிலுக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. நோயாளியிடம் ஊர் மழையையும் பருத்தி விலையையும் பற்றிப் பேசிக்கொண்டே போர்வையை ஒதுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்துவார். விரலை எடுத்த பிறகு குழி நின்றால் அவர் பேச்சும் நின்றுவிடும். சத்துக் குறைந்து நீர் கோத்த காலில்தான் குழி அப்படி நிற்கும். எடை போடும் எந்திரம் இல்லாத எங்களுக்கு அவருடைய கட்டைவிரல்தான் தராசு.

ஆபரேஷன் செய்பவரைப் பெரிய டாக்டர் என்போம். வயிற்றுப் புண்ணுக்கு அவர் கைராசி கொங்கு நாடு முழுக்கப் பேர் பெற்றது. குனிந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் நிமிர்ந்து நடந்து போவார்கள். நல்ல மனுஷர், ஆனால் பேச்சு சுருக்கம். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவனிடமும் அவன் வீட்டாரிடமும் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "நான் சொல்ற வரைக்கும் கஞ்சித் தண்ணி மட்டும்தான்." தையல் பிரிக்கும் சமயத்தில் அவரே வந்து, "இனி எல்லாம் சாப்பிடலாம்" என்பார். நாங்கள் பலகையை மாற்றுவோம். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் எங்கள் வார்டு நடந்தது.

கிணத்துக்கடவுப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவலை ஓட்டிக்கொண்டிருந்த சென்னியப்பனும் அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். எருதுகளை முன்னும் பின்னும் நடத்திக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கிற வேலைக்கு நல்ல வலு வேண்டும். ஆளும் அப்படித்தான் இருந்தான். கூட வந்தவள் அவன் மனைவி மாராத்தாள். கல்யாணமாகி அதிக காலம் ஆகாத ஜோடி. ஆபரேஷன் பிசகில்லாமல் முடிந்து, பெரிய டாக்டர் தன் வாக்கியத்தைச் சொன்னபோது அவள் கைகட்டி நின்று, "சரிங்க" என்றாள்.

அந்த வாரமே பெரிய டாக்டருக்கு மதுரையில் வேறு வேலை அமைந்து, அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டார். அடுத்தவர் வந்து சேரவில்லை. சின்ன டாக்டர் ஒருவர்தான் எல்லா வார்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். அவர் சென்னியப்பனுக்குத் தையல் பிரித்தார். புண் வெகு அழகாக ஆறியிருந்தது. கட்டிலுக்காக வராந்தாவில் ஆள் காத்திருந்தது. "பெரிய டாக்டர் சொன்னபடியே நடந்துக்கோங்க" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். இதில் யார் செய்தது தப்பு? எவ்வளவோ முறை யோசித்துவிட்டேன், எனக்குத் தெரியவில்லை. துணி மூட்டையோடு மாராத்தாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். சென்னியப்பன் நிமிர்ந்துதான் நடந்தான். தலைமாட்டுப் பலகையில் கஞ்சி என்று எழுதியது அப்படியே இருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பத்தியம் வைத்தவர் யாரோ அவரே வந்து அதை எடுத்துவிட வேண்டும். நான் சின்னவளாக இருக்கையில் என் சித்தப்பாவுக்குக் காமாலை வந்தது. மருந்து கொடுத்த வைத்தியர் உப்பை நிறுத்திவிட்டு, மகள் கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டார். காமாலை தெளிந்து, கண் வெளுத்து, சித்தப்பா வண்டி கட்டப் போன பிறகும் வீட்டில் யாரும் அவருக்கு உப்புப் போடவில்லை. வைத்தியர் திரும்பி வந்து, ஒரு உப்புக்கல்லை அவர் உள்ளங்கையில் வைத்து, "போதும், இனி தின்னு" என்ற பிறகுதான் அவருக்குக் குழம்பு கிடைத்தது. எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சித்தப்பாவுக்குப் போனது உப்பு மட்டும்தான் என்பதால் சிரிக்க முடிந்தது.

மூன்று மாதம் போல் ஆகியிருக்கும். ஒரு காலைப் பொழுதில் இரண்டு பேர் கைத்தாங்கலாக ஒரு ஆளைக் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்தவளைப் பார்த்த பிறகுதான் அது சென்னியப்பன் என்று தெரிந்தது. முகத்தில் எலும்பு, காலில் வீக்கம். தலைமுடி செம்பட்டையாகி உதிர்ந்திருந்தது. எஸ்தர் சிஸ்டர் மழையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நேராகக் காலை அழுத்தினார். விரல் நுனி முழுசாக உள்ளே போயிற்று. எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது.

வயிற்று வலி உண்டா, வாந்தி உண்டா என்று சிஸ்டர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள் மாராத்தாள். என்ன கொடுத்தாய் என்று கேட்டார். அவள் முகம் தெளிந்தது. பாடம் ஒப்பிக்கும் பிள்ளை போலச் சொன்னாள்.

"டாக்டரய்யா சொன்னபடியேதானுங்க. அரிசிய நொறுக்கி, நல்லா வேக வெச்சு, வெள்ளத் துணில வடிகட்டிக் குடுத்தனுங்க. ஒரு பருக்கை உள்ள போக உடலீங்க."

வீட்டில் மாடு இல்லையா என்றார் சிஸ்டர். எருமை ஒன்று கறந்துகொண்டிருந்ததாம். பாலை டீக்கடைக்கு ஊற்றினாளாம். ஏன் அவனுக்குக் கொடுக்கவில்லை?

"டாக்டரய்யா பாலுன்னு சொல்லலீங்களே."

மாமியார் ஒருநாள் முட்டை கொண்டுவந்தபோது வாசலிலேயே சண்டை போட்டுத் திருப்பி அனுப்பியதையும் சொன்னாள். நடுவில் ஒரு தரம் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே வந்தாளாம். பெரிய டாக்டர் ஊரை விட்டுப் போய்விட்டார் என்று வாசலில் சொல்லியிருக்கிறார்கள். எப்போது வருவார் என்று கேட்டிருக்கிறாள். தெரியாது என்றிருக்கிறார்கள். சரி, வரும்வரைக்கும் காப்போம் என்று திரும்பிப் போய்விட்டாள். இத்தனையையும் அவள் பெருமையோடு சொன்னாள் என்பதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. அவ்வளவு பத்திரமாக ஒரு ஆணை எந்தப் பெண்ணும் பட்டினி போட்டிருக்க மாட்டாள்.

காய்ந்த வயிற்றில் ஒரேயடியாகக் கொட்டினால் ஆளைத் தூக்கிவிடும். அதனால் சிஸ்டர் தானே நின்று முறை வகுத்தார். முதலில் தண்ணீர் விட்ட பால் கொஞ்சம், இடைவெளி விட்டு மறுபடி கொஞ்சம். பிறகு தண்ணீரைக் குறைத்து, அதில் முட்டையை அடித்துக் கலந்து, சர்க்கரை போட்டு. கரண்டியால் ஊட்ட வேண்டும், விழுங்கினானா என்று தொண்டையைப் பார்க்க வேண்டும். முறையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சென்னியப்பன் வாயைத் திறக்கவில்லை. பெரிய டாக்டர் இடத்துக்கு வந்திருந்த புது டாக்டர் சாப்பிடச் சொன்னார். அவரையும் கும்பிட்டான்.

"பெரிய டாக்டரய்யா ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க" என்றான். அவ்வளவுதான் அவனுக்குப் பேசத் தெம்பு.

புது டாக்டருக்குக் கோபம் வந்தது. பட்டிக்காட்டுப் பிடிவாதம் என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சித்தப்பாவின் உப்புக்கல் கதையை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தார். மதுரைக்கு டிரங்கால் போட்டார். அந்தக் காலத்தில் டிரங்கால் என்றால் பாதிப் பகல் காத்துக் கிடக்க வேண்டும். ஆபீஸ்காரர் முணுமுணுத்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லைன் கிடைத்ததும் விஷயத்தை நாலு வார்த்தையில் சொல்லி, ரிசீவரை மாராத்தாளின் காதில் வைத்துப் பிடித்தார்.

அதற்கு முன் அவள் டெலிபோனைத் தொட்டதில்லை. குரல் கேட்டதும் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, டாக்டர் எதிரிலேயே நிற்பது போல நின்றாள். டிரங்காலில் எல்லாரும் கத்தித்தானே பேசுவார்கள், எனக்கும் கேட்டது. "நான்தான் சொல்றேன். சோறு, பருப்பு, பால், முட்டை, எல்லாம் குடு. எல்லாம்." அவள், "சரிங்க... சரிங்க..." என்றாள். பிறகு வார்டுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரிக்குள் ஓடக்கூடாது என்று நானும் சொல்லவில்லை, சிஸ்டரும் சொல்லவில்லை.

சிஸ்டர் ரிசீவரைத் தன் காதில் வைத்துச் சற்று நேரம் கேட்டார், பிறகு கீழே வைத்துவிட்டார். டாக்டர் என்ன சொன்னார் என்று பின்னொரு நாள் சிஸ்டரிடம் கேட்டேன். "நான் சொல்லாமலா போனேன், சிஸ்டர்னு கேட்டாரு. லைன் சரியில்ல டாக்டர், கேக்கல்லன்னு சொல்லி வெச்சிட்டேன்" என்றார்.

சென்னியப்பன் வாயைத் திறந்தான். பால் இறங்கியது, முட்டை இறங்கியது. கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. பேச்சு வந்தது. எருதுகளை யார் ஓட்டுகிறார்கள் என்று கவலைப்பட ஆரம்பித்தான். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, அரிசிம்பருப்பு கிடைக்குமா என்று கேட்டான். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு வேகவைத்து, தாளித்து, நெய் விட்டால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அதுதான் தேவாமிர்தம். இன்னும் கொஞ்சம் தேறட்டும், நானே கொண்டுவருகிறேன் என்றேன். பிழைத்துவிட்டான் என்றே வார்டு முழுக்க நம்பினோம்.

ஆனால் உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை. சளிக் காய்ச்சல் வந்தது, நுரையீரலைப் பிடித்தது. பென்சிலின் போட்டோம். எண்ணெய் வற்றிய விளக்கில் திரியைத் தூண்டி என்ன செய்ய? ஒரு விடியற்காலையில் போய்விட்டான். வயிற்றுப் புண் இருந்த இடம் கடைசிவரை நன்றாகவே இருந்தது.

வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில் மாராத்தாள் எங்கள் அறை வாசலுக்கு வந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். நானும் சிஸ்டரும் எழுந்து நின்றோம்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க சிஸ்டரம்மா. மாரியம்மன் நோம்பியன்னிக்குப் பக்கத்து ஊட்டுல அரிசிம்பருப்பு தாளிச்சாங்க. வாசம் வந்ததும் அவுரு அழுதுபோட்டாருங்க. மனசு கேக்காம ஒரு வாய் வாங்கியாந்து ஊட்டிப்போட்டனுங்க. ஒரே வாய்தானுங்க. அதுதானுங்களா அவரக் கொண்டுபோயிருச்சு?"

சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இல்ல மக்களே. அந்த ஒரு வாய் அவனுக்கு நல்லதுதான் செஞ்சுது. அதே மாதிரி தெனமும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். எந்த வாக்கியத்தையும் பாதியில் விடாத மனுஷி அவர். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த ஒரு வாய்ச் சோற்றைக் குற்றமில்லை என்று சொல்லப் போனால், அவள் துணியில் வடிகட்டிய கஞ்சி அத்தனையையும் குற்றம் என்று சொல்லியாக வேண்டும். அதை எப்படிச் சொல்வது?

"நீ டாக்டர் சொன்னதைத்தான் செஞ்சே. உன்மேல ஒரு குத்தமும் இல்ல" என்று முடித்தார்.

மாராத்தாள் அவரைக் கும்பிட்டாள். "உங்களுக்குப் பெரிய மனசுங்க. அப்படித்தான் சொல்லுவீங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். வண்டி வந்ததும் புறப்பட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு எஸ்தர் சிஸ்டர் எங்கள் வார்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். வீட்டுக்குப் போகும் அன்று யாரும் வெறும் வாயோடு போகக்கூடாது. டாக்டர் கட்டிலருகே வந்து, வீட்டார் காதுபட, எல்லாம் சாப்பிடலாம் என்று சொல்ல வேண்டும். அதோடு விடாமல் நோயாளி வீட்டார் எதிரிலேயே ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுக் காட்ட வேண்டும். "டாக்டர், பத்தியம் எடுத்துவிட வாங்க" என்று டாக்டர்களின் பின்னாலேயே நடப்பார். சிலர் சிரித்துக்கொண்டு வந்தார்கள். சிலர், இது ஆஸ்பத்திரியா கல்யாணப் பந்தியா என்று எரிந்து விழுந்தார்கள். அவர் ஓய்வு பெற்று நாகர்கோவில் போன பிறகு அந்த வார்டில் பந்தி நின்றுபோனது. எனக்குக் கொடுத்த வார்டுகளில் மட்டும் நான் விடாமல் நடத்தினேன். எத்தனை பேருக்கு அதனால் நன்மை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தேறிப் போனவன் எதனால் தேறினான் என்று எந்தக் காலத்தில் யார் கேட்டார்கள்?

அறுபதுகளில் பெண்கள் வார்டு என் பொறுப்புக்கு வந்தது. கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நான் முகத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன் அவளே என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். மாராத்தாள் அதற்குள் நரைத்துப் போயிருந்தாள். தனியாகத்தான் இருந்தாள், அதே எருமையின் கன்றுகளை வளர்த்துக்கொண்டு. நல்லபடியாகத் தேறினாள். வீட்டுக்குப் போகும் அன்று டாக்டரம்மாவைக் கூட்டிவந்து, எல்லாம் சாப்பிடலாம் என்று அவள் எதிரே சொல்ல வைத்தேன். தட்டை நானே கொண்டுவந்தேன். அன்றைக்குச் சமையல்கட்டில் அரிசிம்பருப்பு.

மோர்ச்சோற்றைச் சாப்பிட்டாள். முட்டையைச் சாப்பிட்டாள். அரிசிம்பருப்பை மட்டும் விரலால் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"அது மட்டும் வேண்டாமுங்க நர்சம்மா. அவுரு போனதிலிருந்து நான் அதத் தொடறதில்லீங்க."

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்று சிஸ்டர் சொன்னதையே சொன்னேன். அந்த ஒரு வாய் அவனுக்கு நல்லதுதான் செய்தது, மாராத்தா, ஆண்டவன் சத்தியமாக நல்லதுதான் செய்தது என்றேன். டெலிபோனில் சொன்ன அதே குரலில், "சரிங்க" என்றாள். ஆனால் கை அந்தப் பக்கம் போகவில்லை. கை கழுவிக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, பொள்ளாச்சி பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.

திரும்பிப் போகிற தட்டை நானே தூக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒதுக்கியது ஒரு வாய் அளவுதான் இருக்கும். அந்தப் பத்தியத்தை அவளுக்கு எந்த டாக்டரும் வைக்கவில்லை, அவளே வைத்துக்கொண்டாள். வைத்தவர்தானே எடுத்துவிட வேண்டும். அவள் எடுத்துவிடவில்லை.